பச்சைத் துண்டு பயன்பாட்டுக்கு அல்ல

தாழ்மைச் செயலகத்தின் வாசல் என் மார்பளவுதான் இருந்தது. வருகிறவர்கள் குனிந்து நுழைய வேண்டும் என்று ஏற்பாடு. கட்டும்போது சாதாரண உயரம்தானாம். பிறகு மேலே செங்கல் வைத்துப் பூசிக் குறைத்திருக்கிறார்கள். செயலர் சாமியாருக்கு முதுகுவலி. அவர் பின்பக்கக் கதவு வழியாக நிமிர்ந்து வருவார்.

நான் ஒரு துண்டைத் திருப்பிக் கேட்கப் போயிருந்தேன். குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற துண்டு. பச்சை நிறம். ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம். என் மனைவியுடையது.

எங்கள் வீடு ஆயரின், அதாவது பிஷப்பின், பேராலயத்துப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. போன வருடம் பாதம் கழுவும் சடங்கன்று ஆயர் முழங்காலிட்டு முதல் ஆளின் காலைக் கழுவினார். துடைக்கத் துணி இல்லை. எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள். பாடகர் குழு பாடி முடித்த பாட்டையே மறுபடி பாடியது. கால் கழுவப்பட்டவர் சொட்டச் சொட்டக் காலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். என் மனைவி பக்கவாசல் வழியாக ஓடினாள். எங்கள் குளியலறை ஆணியிலிருந்து தன் துண்டை உருவிக்கொண்டு வந்து ஆயர் கையில் கொடுத்தாள். குனிந்து அவரிடம் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

மறைமாவட்ட இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது. ஆயர், ஒரு கால், சாயம் போன பச்சைத் துண்டு. என்ன எளிமை என்று எல்லோரும் வியந்தார்கள். வெளியூர்களிலிருந்து துண்டைப் பார்க்க வந்தார்கள். வருகிறவர்களுக்குக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆளுக்கு ஓர் அறை. அறைக்கு ஒரு செயலர். தாழ்மைச் செயலகம் அப்படி உண்டானது.

"துண்டைக் கேட்டு வாங்கிட்டு வரவா?" என்றேன் அவளிடம்.

"விடுங்க. புதுசு வாங்கிக்கலாம்," என்றாள்.

வாங்கவில்லை. மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். நான் திரும்பி வந்தேன்.

அவளுடைய புடவைகள், சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் என்னால் பார்க்க முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. குளியலறையில் இரண்டு ஆணிகள். ஒன்றில் அவள் துண்டுக்கு ஜோடியான என் துண்டு. இன்னொன்றில் எதுவும் இல்லை. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

செயலர் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. உயரமானது வந்தவருக்கு. குட்டையானது அவருக்கு. தேக்கில் மெத்தை வைத்துத் தனியாகச் செய்யச் சொன்னது. உட்கார்ந்திருந்தபோது அவர் முழங்கால்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

அவருடைய உச்சந்தலையைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தது. எழுந்து தரையில் உட்கார்ந்தேன். அவர் முகம் மாறியது. நாற்காலியை விட்டு இறங்கி அவரும் தரையில் உட்கார்ந்தார். மரியாதைக்காகக் கொஞ்சம் குனிந்தேன். அவர் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார். நான் பதறி இன்னும் குனிந்தேன். அவர் ஏறக்குறைய படுத்துவிட்டார்.

"மேல உட்காருங்க தம்பி," என்றார் பல்லைக் கடித்தபடி. "இந்த ரூம்ல கீழ் இடம் எனக்கு ஒதுக்கினது."

மேலே உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க. இந்தத் தூசி என்ன செய்யணும்?"

"ஃபாதர், அந்தத் துண்டு என் மனைவியோடது. அவ இறந்துட்டா. அதைத் திருப்பிக் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"எந்தத் துண்டு?"

அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே சின்ன விளக்கு. கீழே பித்தளைப் பலகை: 'ஆயர் பெருந்தகையின் எளிமை. பயன்பாட்டுக்கு அல்ல.'

"அதுதான் ஃபாதர்."

"அது ஆயரோட துண்டு."

"எங்க வீட்டு பாத்ரூம்ல இருந்து வந்தது."

"அப்படி ஒரு பேச்சு உண்டு," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா பாருங்க, தாழ்மையா கொடுக்கிறவங்க வெளிய தெரியக் கூடாது. அதனாலதான் உங்க மனைவியைப் பத்தி நாங்க எந்த இடத்துலயும் மூச்சு விடறதில்ல. அவங்களோட தாழ்மையை இவ்வளவு நாளா நாங்கதான் கட்டிக் காப்பாத்திட்டு வர்றோம். நீங்க இப்ப வந்து கெடுக்கறீங்க."

"அந்த மூலைல இருக்கிற தடம் நான் சுட்டது. மழை நாள். காயல. இஸ்திரி போட்டேன்."

"தன்னலம் எரிந்த தழும்புன்னு விளக்கம் கொடுத்துட்டு இருக்கோம். கருத்தரங்கு நடந்திருக்கு. வெளிய போய் இஸ்திரி அது இதுன்னு சொல்லிட்டு இருக்காதீங்க." கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒரு வழி இருக்கு. அந்தத் துண்டு மேல ஆசையே இல்லாதவருக்குத்தான் அதைக் கொடுக்க முடியும். வெறுமைப் பயிற்சில சேருங்க. தன்னையே காலி பண்ணிக்கிற பயிற்சி. முடிக்கும்போது துண்டு வேணும்ங்கிற எண்ணமே இருக்காது. அப்ப வந்து கேளுங்க."

"எண்ணமே இல்லன்னா நான் ஏன் வந்து கேக்கப் போறேன்?"

"பாத்தீங்களா!" என்றார் மகிழ்ச்சியோடு. "இப்பவே புரிய ஆரம்பிச்சிருச்சு."

வீட்டில் அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனைவியின் அம்மா. அடக்கத்துக்கு வந்தவர், எனக்குச் சமைக்கத் தெரியாது என்று தங்கிவிட்டார்.

"என்ன சொல்லுது உங்க தாழ்மை?"

சொன்னேன்.

"துண்டு மாப்பிள்ளை, துண்டு! என்னமோ நாலு மாடி வீட்டை எழுதி வாங்கற மாதிரியில்ல பேசறாங்க. நான் வந்து கேக்கறேன்."

"வாசல்ல குனியணும் அத்தை."

"என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நான் ஒரு தடவை குனிஞ்சேன்னா அங்கேயே எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்கணும். திரும்ப எழுந்திரிக்க முடியாது." வெங்காயத்தைத் தட்டில் போட்டார். "இவளைச் சொல்லணும். யாருக்கு என்ன இல்லைன்னாலும் முதல் ஆளா ஓடிடுவா. தன் தலை ஈரமா இருக்கேன்னு பாக்க மாட்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாக இருக்கலாம்.

பயிற்சியில் சேர்ந்தேன். நடத்தியவர் ஒரு சிஸ்டர். நெடுநெடுவென்று இருப்பார். எல்லோரும் வெறுமை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வகுப்பில் அழைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். புதிதாக வந்தவர்கள் தம்மை 'எளியேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். பயிற்சி முடித்தவர்கள் 'கடையேன்'. செயலக அலுவலர்கள் 'தூசி'. 'புழு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆயருக்கு மட்டும். ஓர் இளம் சாமியார் ஆர்வத்தில் பிரசங்கத்தில் தன்னைப் புழு என்று சொல்லிவிட்டாராம். மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள்.

கூடப் படித்தவர்கள் பெரிய மனிதர்கள். வங்கி மேலாளர், பல் மருத்துவர், கல்லூரி முதல்வர். அவமதிப்புப் பயிற்சி நடந்தது. இருவர் இருவராக நின்று ஒருவரை ஒருவர் திட்ட வேண்டும். தனக்குக் கிடைத்த திட்டு தன் தகுதிக்கு ஏற்றதாக இல்லை என்று பல் மருத்துவர் புகார் செய்தார்.

"என்னை 'மண்டு'ங்கறாரு சிஸ்டர். ஸ்கூல் பையனைத் திட்டற மாதிரி இருக்கு. எனக்கு இதைவிடக் கேவலமா தாங்கற சக்தி உண்டு."

பாவ அறிக்கை நாளில் தகராறு வந்தது. உலகத்திலேயே பெரிய பாவி தான்தான் என்று வங்கி மேலாளர் சொன்னார். கல்லூரி முதல்வர் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"நீங்க என்ன சார் பாவம் பண்ணியிருப்பீங்க? மிஞ்சிப் போனா ஆபீஸ் பேனாவை எடுத்திருப்பீங்க."

"என் பாவத்தைக் குறைச்சு மதிப்பிடாதீங்க!"

சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். சிஸ்டர் விலக்கிவிட்டு, இருவரும் சம பாவிகள் என்று அறிவித்தார். இருவருக்குமே திருப்தி இல்லை.

அந்த வகுப்பில் நான் முதல் மாணவனாக இருந்தேன். முயற்சி எதுவும் செய்யவில்லை.

"பாராட்டினா என்ன தோணுது?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஒண்ணும் தோணல."

"திட்டினா?"

"ஒண்ணும் தோணல."

"சாப்பாடு?"

"அத்தை போடுவாங்க. சாப்பிடுவேன்."

"ருசி?"

"கவனிக்கல சிஸ்டர்."

"நாளைக்கு என்ன செய்யணும், என்ன ஆகணும்னு ஏதாவது?"

"இல்ல."

சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். வகுப்பு கைதட்டியது. இடைவேளையில் வங்கி மேலாளர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"எந்த முறைல சார் இவ்வளவு சீக்கிரம் காலியானீங்க? மூச்சுப் பயிற்சியா, மௌனமா?"

"மனைவி செத்துப் போனா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதைத் தவிர வேற ஏதாவது வழி இருக்கா?" என்றார்.

நான் எடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். இயற்பியல் படித்தவன். எங்கள் வேலையில் முதலில் காலித் தட்டைப் பார்ப்போம். காலித் தட்டு பூஜ்யம் காட்ட வேண்டும். வகுப்பில் எல்லோரும் என்னைப் பூஜ்யம் என்று நினைத்தார்கள். நான் அப்படி இல்லை. என் தட்டு ஒரு துண்டின் எடையைக் காட்டிக்கொண்டே இருந்தது.

கடைசி நாளில் சிஸ்டர் என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். பெருமையாக வகுப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"சொல்லுங்க. உங்களுக்கு இந்த உலகத்துல ஏதாவது வேணுமா?"

"ஒரு துண்டு வேணும்."

வகுப்பு 'ச்சு' கொட்டியது. பல் மருத்துவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

பிறகு தாழ்வாரத்தில் சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்லியிருக்கலாமே?"

"தோணல சிஸ்டர்."

"உங்களை ஃபெயில் பண்ணா என் வகுப்புக்குக் கெட்ட பேரு. பேரு வேணும்ங்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. வகுப்புக்கு உண்டு." சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "பாஸ் போட்டுடறேன். ஆயர் பாதம் கழுவிவிடற பன்னிரண்டு பேர்ல நீங்களும் ஒருத்தர். துண்டை மெத்தைல வச்சுப் பவனியா கொண்டுவருவாங்க. பக்கத்துல இருந்து பாத்துக்கலாம். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

சடங்குக்கு முன் ஒத்திகை நடந்தது. கழுவப்பட வேண்டிய பாதங்களை நாங்கள் நன்றாகக் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்று செயலர் சொன்னார். கழுவிக்கொண்டு போனோம். படத்தில் பாதங்கள் மிகச் சுத்தமாகத் தெரிந்தால் கழுவுவதில் பொருள் இருக்காது என்று இதழாசிரியர் சொன்னார். அதனால் சலித்த செம்மண்ணை ஒரு தட்டில் கொண்டுவந்து எங்கள் கால்களில் பூசினார்கள். பல் மருத்துவர் தனக்குக் கூடுதலாகக் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார்.

சடங்கன்றும் காலில் செம்மண் பூசினார்கள். கோயில் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அத்தை. துண்டு பட்டு மெத்தையில் வந்தது. முன்னால் தூபம். செயலர் மெத்தையை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். மக்கள் முழங்காலிட்டார்கள். துடைப்பதற்கு வேறு துணிகள், வெள்ளை வெளேரென்று பூப்போட்டவை, ஒரு கூடையில் தனியாக இருந்தன.

ஆயர் வெறுங்காலோடு வந்து ஒலிபெருக்கி முன் நின்றார். "இந்தப் புழுவுக்கு மைக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள்," என்றார். உயர்த்தினார்கள். தாழ்மையின் மேன்மையைப் பற்றி நெடுநேரம் பேசினார். தாழ்மையில் நமது மறைமாவட்டத்தை மிஞ்ச எந்த மறைமாவட்டமும் இல்லை என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு நாங்கள் பன்னிரண்டு பேரும் உட்கார வேண்டும். ஒத்திகையில் ஒழுங்காக உட்கார்ந்தோம். ஆனால் இப்போது மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பயிற்சி முடித்தவர்கள். முதல் நாற்காலியில் உட்கார ஒருவரும் தயாராக இல்லை.

"நீங்க உக்காருங்க, கடையேன் கடைசில இருக்கேன்."

"கடைசி நாற்காலி என்னோடது சார். நான் முன்னாடியே கர்ச்சீப் போட்டு வச்சிருக்கேன்."

கடைசி நாற்காலியில் வங்கி மேலாளர் உட்கார்ந்தார். அவர் மடியில் பல் மருத்துவர் உட்கார்ந்தார். கல்லூரி முதல்வர் பல் மருத்துவரை இழுத்தார். அவருடைய முழங்கை தண்ணீர்க் குடத்தின் மேல் பட்டது. பெரிய குடம். அது விழுந்து உருண்டது. பளிங்குத் தரையெல்லாம் தண்ணீர். எங்கள் கால்களிலிருந்த சலித்த செம்மண் அதில் கரைந்தது. பீடத்துக்கு முன்னால் முழுச் சேறு. அதில் பூப்போட்ட துணிகள் கூடையோடு கவிழ்ந்தன.

ஆயர் ஓர் அடி எடுத்து வைத்தார். வழுக்கியது. பீடத்தின் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு கால்களும் சேற்றுக்குள்.

பாடகர் குழு முடித்த பாட்டை மறுபடி ஆரம்பித்தது.

"துணி! யாராவது துணி கொண்டாங்க!"

எல்லாக் கண்களும் பட்டு மெத்தைக்குப் போயின. செயலர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அத்தையின் குரல் மூன்றாவது வரிசையிலிருந்து கேட்டது. "கையில துண்டை வச்சுக்கிட்டுக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கறாரே! வயசான மனுஷன், ஈரத்துல உக்காந்திருக்காரு, சளி பிடிச்சா யாரு பாக்கறது?"

நான் எழுந்தேன். யோசிக்கவில்லை. போய்த் துண்டை எடுத்தேன்.

"தொடாதீங்க!" என்று செயலர் கத்தினார். "அது பயன்பாட்டுக்கு இல்ல!"

படியில் முழங்காலிட்டு ஆயரின் காலை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தேன். வயதான கால். குதிகாலில் வெடிப்பு. ஒரு நகம் உள்ளே வளைந்திருந்தது. மெலிந்த கணுக்கால். துண்டில் தூப வாசனையும் பூச்சி உருண்டை வாசனையும்தான் இருந்தன. அவளுடைய வாசனை இல்லை. இருக்கும் என்று நினைத்திருந்தேன் போல.

ஆயர் என் பக்கம் குனிந்தார். ஒலிபெருக்கி எட்டத்தில் இருந்தது.

"விரலிடுக்கு," என்றார்.

"என்ன சாமி?"

"விரலிடுக்கைத் துடைக்கணும். ஈரம் அங்கதான் நிக்கும். போன வருஷம் இந்தத் துண்டைக் கொண்டுவந்த பொண்ணு சொல்லிச்சு. 'சாமி, மேலாக்கத் துடைச்சு விட்டுடாதீங்க, விரலிடுக்குல சேத்துப்புண் வந்துடும்'னு." லேசாகச் சிரித்தார். "ஆயரானப்புறம் எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்ல. படம் எடுக்கறாங்கன்னு அப்ப அவசரமா துடைச்சிட்டேன். அந்தப் பொண்ணு எங்க, வரலையா?"

"இறந்துட்டா சாமி. என் மனைவி."

அவர் என்னைப் பார்த்தார். தன்னைப் புழு என்று சொல்லவில்லை. தூசி என்றும் சொல்லவில்லை. "என்கிட்ட யாரும் சொல்லலையேப்பா," என்றார். அவ்வளவுதான். மற்றக் காலை மெதுவாக நீட்டினார்.

அதையும் துடைத்தேன். ஒவ்வொரு விரலிடுக்காக. எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடக்கத்தன்றுகூட வரவில்லை. அங்கே எல்லாமே ஈரமாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் செயலரே வீட்டுக்கு வந்தார். எங்கள் வாசல் சாதாரண உயரம். நிமிர்ந்து நுழைந்தார். இரண்டு விரல்களால் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்திருந்தார்.

"எடுத்துக்கோங்க," என்றார் கசப்போடு. "அவசரக் கூட்டம் போட்டு முடிவு பண்ணியாச்சு. காலைத் துடைச்ச துண்டு, சேறு வேற பட்டிருக்கு. இதை எப்படித் தாழ்மையோட அடையாளமா வைக்கிறது?"

பையை வாங்கிக்கொண்டேன்.

அவர் போகவில்லை. வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "பெட்டி காலியா இருக்கு. ஞாயித்துக்கிழமை வெளியூர்ல இருந்து கூட்டம் வருது. இதுக்கு ஜோடித் துண்டு ஒண்ணு இருக்காமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்தார்.

"ஜோடி வேணாம் சாமி. அதைவிட எளிமையா ஒண்ணு இருக்கு, தர்றேன்," என்று அடுப்படிக்குப் போனார். சூடான பாத்திரத்தை இறக்குகிற பிடிதுணியைக் கொண்டுவந்து கொடுத்தார். கரி, எண்ணெய், நடுவில் பெரிய ஓட்டை.

செயலர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக அவர் கண் தெரிந்தது. "அற்புதம்," என்றார். "நடுவுல ஒண்ணுமே இல்ல. முழு வெறுமை. யாரு கொடுத்ததுன்னு நாங்க வெளிய சொல்ல மாட்டோம்."

"சொல்லிடாதீங்க சாமி," என்றார் அத்தை.

அது இப்போது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது. ஓட்டையைப் பற்றிக் கருத்தரங்கு வைக்கப் போகிறார்களாம். வங்கி மேலாளர் கட்டுரை படிக்கிறார்.

அன்று துண்டைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். சேறு போய்விட்டது. சுட்ட தடம் போகவில்லை. பிழிந்து, குளியலறைக்குக் கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டப் போனேன்.

"ஈரத்தோட அங்க மாட்டாதீங்க மாப்பிள்ளை," என்று அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "வெயில்ல போடுங்க. இஸ்திரியை மட்டும் தொட்டுடாதீங்க. அவ சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

கொடியில் போட்டேன். பக்கத்தில் என் துண்டையும் நனைத்துப் போட்டேன். உள்ளே குழம்பு கொதித்துப் பொங்கியது.

"ஐயையோ, பிடிதுணி எங்க?" என்றார் அத்தை. உடனே ஞாபகம் வந்து, கரண்டியும் கையுமாக நின்று சிரிக்க ஆரம்பித்தார். சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பாத்திரத்தை நான் இறக்கி வைத்தேன். கை சுட்டது.

சாப்பிடும்போது உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சொன்னேன்.